ஜன்னல் அளவு

மும்பை தாராவி லேபர் கேம்பில் எங்கள் கோலிக்கு, அதாவது ஒற்றை அறை வீட்டுக்கு, தகரக் கூரை. மே மாதம் பதினோரு மணிக்கெல்லாம் அம்மா இரண்டு கோணிச்சாக்கை நனைத்து, ஏணியில் ஏறித் தகரத்தின் மேல் விரிப்பாள். அரை மணியில் காய்ந்துவிடும், மறுபடி நனைப்பாள். ராத்திரி அப்பாவும் அண்ணனும் சந்தில் பாய் போடுவார்கள். வீட்டுக்கே ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட். கதவைத் திறந்து போட்டால் பகலில் லைட் வேண்டாம். அது நல்ல வாழ்க்கை இல்லை, முதுகெல்லாம் வேர்க்குரு. பில்டிங் வந்தால் விடியும் என்று காத்திருந்தோம்.

வந்தது. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் நாலாவது மாடி, உள்ளேயே கக்கூஸ், குழாயில் தண்ணீர். அம்மா அழுதேவிட்டாள். ஆனால் இருக்கிற ஒரே ஜன்னலுக்கு எதிரே அடுத்த பில்டிங் சுவர். நடுப்பகலிலும் டியூப்லைட் எரிகிறது. பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் சுவர் ராத்திரி பதினோரு மணிக்கும் கைக்குச் சுடுகிறது. அந்தச் சூடு இறங்குவது எங்கள் அறைக்குள்தான். ஃபேன் இரண்டானது, பிறகு தவணையில் ஏசி. எங்கள் ஏசி கக்கும் அனல் அந்த இடுக்கில் தேங்க, எதிர்வீட்டார் ஜன்னலைச் சாத்திவிட்டு அவர்களும் ஏசி வாங்கினார்கள். கோலியில் இருந்ததைப்போல மூன்று மடங்கு யூனிட் ஓடுகிறது.

அந்தக் கரண்டுக்குப் பெரும்பாலும் நிலக்கரிதான் எரிகிறது. செம்பூரைத் தாண்டினால் டிராம்பே மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 2022-இல் மும்பை மாநகராட்சி வெளியிட்ட காலநிலைத் திட்டம், நகரம் வெளியிடும் பசுமை இல்ல வாயுக் கணக்கில் 72 சதவீதத்தை எரிசக்திப் பயன்பாட்டின் பேரில்தான் எழுதியிருக்கிறது. எங்கள் டியூப்லைட்டும் அதில் சேர்த்தி.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. 2018-இல் மத்திய மின்துறை கொண்டுவந்த 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற வீட்டுக் கட்டட விதி, மும்பை மாதிரிப் புழுக்கமான ஊரில் வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்காவது ஜன்னல், கதவுகள் வெளிக்காற்றுக்குத் திறக்க வேண்டும் என்கிறது. சுவரும் கூரையும் எவ்வளவு சூட்டை உள்ளே விடலாம் என்பதற்கும் அதில் வரம்பு உண்டு.

அக்கா இன்னும் லேபர் கேம்பில்தான் இருக்கிறாள். தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ளவர்களுக்கு 350 சதுர அடி என்று பேச்சு. "எத்தனை அடின்னு மட்டும் கேக்காதேக்கா, ஜன்னல் எவ்வளவுன்னும் கேளு" என்றேன். ஆறில் ஒன்று என்றால் ஏறக்குறைய 58 சதுர அடி. கரித்துண்டை எடுத்து முன்சுவரில் அளந்து கோடு போட்டாள். பாதிச் சுவருக்கு மேல் போய்விட்டது.

"இவ்வளவு பெருசாவா?" என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோட்டை அழிக்கவில்லை.