நெட்வொர்க் அண்ணன்

பதவி சிஸ்டம் அட்மின். ஆபீஸில் பெயர் நெட்வொர்க் அண்ணன். மேசை டிராயரில் கிரிம்பிங் டூல், ஆர்ஜே45 கனெக்டர் ஒரு பிடி, எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத சாவிகள். எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த ஐபி என்ற கணக்கு மட்டும் டிராயரில் இல்லை. அது அண்ணனின் மண்டைக்குள் இருக்கிறது.

உபுண்டு சர்வர் ஏற்றும் நாளில் மொழி, கீபோர்டு போன்ற சில்லறைத் திரைகளை ட்ரெயினிப் பையனே அமுக்கலாம். நெட்வொர்க் திரை வந்ததும், "தம்பி, தள்ளு."

டிஎச்சிபி ஏற்கெனவே ஒரு முகவரி வாங்கி வைத்திருக்கும். அதை அப்படியே விட அண்ணனுக்குக் கௌரவம் இடம் கொடுக்காது. "ரூட்டர் இன்னைக்கு ஒண்ணு குடுக்கும், நாளைக்கு வேற குடுக்கும். அப்புறம் ஊரே சர்வரைத் தேடும்." நியாயமான பேச்சுதான். மேனுவல் என்று மாற்றி, சப்நெட் கட்டத்தில் 255.255.255.0 என்று அடிப்பார். இன்ஸ்டாலர் ஏற்காது. 192.168.1.50/24 என்பார். அதையும் ஏற்காது. அந்தக் கட்டம் கேட்பது 192.168.1.0/24, ஐம்பதைப் போட கீழேயே தனிக் கட்டம் இருக்கிறது. "இந்த வெர்ஷனே சரியில்லடா" என்று தீர்ப்பு வரும். டிஎன்எஸ் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு: எட்டு, எட்டு, எட்டு, எட்டு.

"அண்ணே, ஐம்பது காலியா இருக்கா?"

"பிங் அடிச்சுப் பாத்துட்டேன். பதிலே இல்ல. அது நம்ம ராசி நம்பர்."

பதினொரு மணி வரை சர்வர் ஜம்மென்று ஓடியது. எம்டி வந்து உட்கார்ந்த பிறகு, வருவதும் போவதுமாக ஆனது. அண்ணன் கேபிளைப் பிடுங்கிச் செருகினார். இஃப்கான்ஃபிக் அடித்தார், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. பையன் 'ஐபி ஏ' அடித்துக் காட்டினான். ஈத்ஜீரோவைத் தேடினார், இஎன்பி3எஸ்0 என்று ஏதோ நின்றது. பழைய இன்டர்ஃபேசஸ் கோப்பையும் காணவில்லை. உபுண்டு 2017 அக்டோபரில், 17.10 பதிப்பிலேயே, நெட்பிளானுக்கு மாறிவிட்டது. அண்ணனிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

நெட்பிளானின் யாமல் கோப்பைத் திறந்து டேப் விசையால் வரிகளை அழகாகத் தள்ளி வைத்தார். யாமலுக்கு டேப் ஆகாது, ஸ்பேஸ்தான் வேண்டும், பிழை வந்தது. 'நெட்பிளான் ட்ரை' போட்டால் 120 விநாடிக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும் என்றான் பையன். "ட்ரை எல்லாம் உங்களுக்கு. நமக்கு அப்ளை." கேட்வேயில் ஓர் எண் தவறியது. எஸ்எஸ்எச் உறைந்தது. அண்ணன் இரண்டு மாடி இறங்கி சர்வர் அறைக்குப் போனார்.

அதற்குள் பையன் ஆர்ப்பிங் ஓட்டினான். ஐபி ஒன்று, மேக் முகவரி இரண்டு. ஐம்பதில் ஏற்கெனவே குடியிருந்தது எம்டி அறை பிரின்டர். காலையில் அது அணைந்து கிடந்தது. பிங்குக்கு எப்படிப் பதில் சொல்லும்?

டிஎச்சிபி வரம்புக்கு வெளியே ஒரு முகவரியைச் சர்வருக்குக் கொடுத்து, நோட்டில் எழுதி வைத்தால் முடிந்தது. ஆனால் ராசி நம்பரை விட்டுக்கொடுப்பதா? அண்ணன் பிரின்டரை ஐம்பத்தொன்றுக்குக் குடிமாற்றினார்.

ஐம்பத்தொன்று, கைரேகை வருகைப்பதிவு மெஷினின் முகவரி. மாதக் கடைசி வேறு. ஹெச்ஆர் மேடம் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். அண்ணன் கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்கிறார்.