அரை முறித் தேங்காய்

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று செய்தி வந்தது. 2012ஐ அடிப்படை ஆண்டாக வைத்துக் கணக்கெடுக்க ஆரம்பித்ததிலிருந்து இவ்வளவு கீழே வந்ததே இல்லையாம். நல்ல செய்தி கிடைத்தால் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுவது என் வழக்கம். கெட்ட செய்தி எப்படியும் மளிகை பில்லோடு வந்துவிடும். படித்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே கேட்டாள்: "அப்பம் தேங்கா வெல கொறஞ்சிற்றா மக்களே?"

அது குறையவில்லை.

0.25 என்றால் என்ன? 2024 அக்டோபரில் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமான் 2025 அக்டோபரில் நூறு ரூபாய் 25 காசு. அந்த 25 காசு நாணயம் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாக்காசாகிவிட்டது. ஆக, ஏறிய விலையைக் கொடுக்க நான் தயாராக இருந்தாலும் வாங்கிக்கொள்ள அண்ணாச்சிக்கு வழியில்லை. அரசாங்கம் எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறது பாருங்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் விளக்குவார்கள். முந்தின வருஷம் காய்கறி விலை உச்சாணியில் இருந்தது, 2025இல் கால் பங்குக்கு மேல் இறங்கியது, இறங்கும்போது மொத்தக் கணக்கையும் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதே மாதம் கேரளத்தில் மட்டும் பணவீக்கம் எட்டு சதவீதத்துக்கு மேல். தங்கமும் தேங்காய் எண்ணெயும் செய்த வேலை அது. தங்கத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது, நாங்கள் இருவரும் சந்தித்து வெகுகாலம் ஆகிறது. தேங்காய் விஷயம் அப்படியில்லை. நாங்கள் சென்னைவாசிகள் என்றாலும் எங்கள் அடுக்களை இன்னும் நாகர்கோவிலில்தான் இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. எங்கள் குழம்பு இன்னும் சேரவில்லை.

அவியல், தீயல், ஓலன், எந்தக் காய் கிடைத்தாலும் ஒரு துவரன். எல்லாவற்றிலும் தேங்காய். எதிலெல்லாம் தேங்காய் அரைத்து ஊற்றவில்லையோ அதிலெல்லாம் துருவிப் போட்டிருக்கும். இரண்டுக்கும் தப்பித்ததில் தேங்காய் எண்ணெய் தாளித்திருக்கும். மனைவி விருதுநகர்க்காரி. கடலையெண்ணெயில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமான புதிதில், "உங்க வீட்டுல சாப்பாட்டுக்கும் தலைக்கும் ஒரே எண்ணெய்யா?" என்று திகைத்தாள். அந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போகும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

உண்மையிலேயே போனது. சின்ன பாட்டிலில் விற்கும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலையெண்ணெயா? சமையல் என்றால் வரி குறைவு, தலை என்றால் அதிகம். 2018இல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவர் அடுக்களைப் பக்கம், ஒருவர் கண்ணாடிப் பக்கம். பிறகு மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, 2024 டிசம்பர் 18 அன்று, தலையெண்ணெய் என்று சொல்லி விற்காதவரை அது சமையல் எண்ணெய்தான் என்று முடித்து வைத்தார்கள். அடுத்த வருஷம் செப்டம்பர் 22இலிருந்து தலையெண்ணெய்க்கும் ஜிஎஸ்டி 18லிருந்து 5 ஆகிவிட்டது. இரண்டுக்கும் ஒரே வரி. இத்தனை வருஷம் வழக்காடியதற்குப் பதில் அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பாள்: முதலில் தாளிக்க, மிச்சம் இருந்தால் தலைக்கு.

இப்போது தலைக்கு மிச்சமில்லை. 2025 நடுவில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. ஓரிரு வருஷம் முன்னால் அதில் பாதிக்கு வாங்கிய எண்ணெய். பொள்ளாச்சிப் பக்கம் வெள்ளை ஈ, வேர்வாடல் நோய், போதாக்குறைக்கு 2024 கோடையின் வெயில். தென்னையில் பாளை வெடித்து நெற்றாக முதிர ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கும். அந்த வெயிலுக்கு மறு வருஷம் காசு கட்டினோம். சரி, மாற்று எண்ணெய்க்குப் போகலாம் என்றால் 2024 செப்டம்பரில் பாமாயில், சூரியகாந்தி எண்ணெய்க்கெல்லாம் இறக்குமதி வரியை ஏற்றி வைத்திருந்தார்கள். மறு வருஷம் மே கடைசியில் கொஞ்சம் இறக்கினார்கள். ஏறுவது அன்றைக்கே கடைக்கு வந்து சேர்கிறது. இறங்குவது மட்டும் வழியில் எங்கோ இளைப்பாறிவிட்டு வருகிறது.

விலையேற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் விலையைப் பார்க்கிறார்கள். நான் அவியலைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் அம்மா தேங்காய் துருவும்போது ஓட்டுக்கு ஒரு நூல் முன்னாலேயே நிறுத்திவிடுவாள். துருவல் பிச்சிப்பூ மாதிரி விழும். இப்போது சிரட்டை சத்தம் கேட்கும்வரை நிறுத்துவதில்லை. துருவலில் பழுப்பும் சேர்ந்து விழுகிறது. எங்கள் வீட்டு அவியல் வெள்ளையிலிருந்து சந்தன நிறத்துக்கு வந்து, போன மாதம் காக்கியைத் தொட்டது. "நார்ச்சத்து மக்களே, வயித்துக்கு நல்லது" என்றாள் அம்மா. நார்ச்சத்தின் பெருமையெல்லாம் தேங்காய் மலிவாக இருந்தபோது எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை. சோறு போடுகிறவர்களிடம் சில கேள்விகள் கேட்கக் கூடாது.

ஹோட்டல்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இட்லி விலையை ஏற்றினால் பலகையை அழித்து எழுத வேண்டும், நாலு பேர் முறைப்பார்கள். சட்னியை மாற்றினால் பலகையில் கை வைக்க வேண்டியதில்லை. பொட்டுக்கடலை கூடக் கூட சட்னி கெட்டியாகும். அப்புறம் தண்ணீர் சேர்த்து இளக்குவார்கள். ஒரு நாள் காலையில் நம் இலையில் இருப்பது பொட்டுக்கடலைச் சாறு. தேங்காய் எங்கே என்று கேட்டால், "அரைச்சிருக்கு சார்" என்கிறார் சர்வர். எதை என்று அவர் சொல்லவில்லை. இரண்டாம் முறை சட்னி கேட்டால் வாளியோடு வந்தவர் இப்போது சின்னக் கிண்ணத்தோடு வருகிறார். கரண்டியை அவர் சாய்க்கும் நிதானத்தில் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விடச் சொல்லலாம்.

இதில் அரிசி மூட்டை தனிக் கதை. 2022 ஜூலை 18இலிருந்து 25 கிலோ வரை கட்டி லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. மறுபடி கடைக்குப் போனபோது 25 கிலோ மூட்டை என்ற ஒன்றையே காணவில்லை. எல்லாம் 26 கிலோ. சட்டம் 25 வரைக்கும்தான், 26க்கு வரி கிடையாது. தமிழ்நாட்டில் அரிசி வியாபாரிகளைவிடச் சட்டம் படித்தவர்கள் ஹைகோர்ட் வளாகத்திலும் இருக்க மாட்டார்கள். கூடுதல் ஒரு கிலோவைப் படியேற்றுகிற கடைப் பையன் மட்டும் ஒவ்வொரு மாடியிலும் ஒரு நிமிஷம் நின்று அரசியலமைப்பைத் திட்டுகிறான். அவனுக்குக் கொடுக்கும் பத்து ரூபாய் இப்போது இருபது. வரி எங்கேயும் போகவில்லை, முதுகு மாறியிருக்கிறது.

பிஸ்கட் வகையறாவில் எதிர்த்திசை. விலை அப்படியே ஐந்து ரூபாய், பத்து ரூபாய். உள்ளேயிருப்பது மட்டும் இளைக்கிறது. மனைவி தன் பழைய மூக்குக் கண்ணாடியை மளிகைப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறாள். ஒரு கிராம் என்ன விலை என்று உறையில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அச்சிடுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. மடிப்பு விழுகிற இடத்தில், வெள்ளி நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தில். அதை அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்து முடிப்பதற்குள் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். "ஏங்க, போன மாசம் இதுல எத்தனை கிராம்?" என்பாள் என்னிடம். கல்யாண நாளையே ஞாபகம் வைத்துக்கொள்ளாதவனிடம் பிஸ்கட்டின் எடையைக் கேட்டால் என்ன சொல்வது?

ஆனால் உண்மையில் மனசு விட்டுப்போனது கறிவேப்பிலை விஷயத்தில். காய் வாங்கினால் ஒரு கொத்து கறிவேப்பிலையும் நாலு தண்டு கொத்தமல்லியும் கூடையில் சும்மா விழும். தள்ளுவண்டிக்காரர் கையை நீட்டும்போதே அது தெரியும். வாங்குகிறவரும் அதை ஒரு உரிமையாகக் கேட்பார், "என்னப்பா, கறிவேப்பிலை?" என்று. இப்போது இரண்டையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுப் பத்து ரூபாய்க் கட்டு. போன வாரம் அம்மா பழைய பழக்கத்தில் வண்டியிலிருந்து ஒரு கொத்தை உருவினாள். வண்டிக்காரர் பதறிவிட்டார். "பாட்டிம்மா, அது கணக்குல இருக்கு."

"கணக்குலயா? எங்க வீட்டு முற்றத்துல இது மரமா நின்னுது, ஆட்டுக்கு ஒடிச்சுப் போடுவோம்," என்றாள் அம்மா.

"ஆடு என்ன வெல விக்குது தெரியுமா பாட்டிம்மா?" என்றார் அவர். அம்மாவிடம் பதில் இல்லை. நான் பார்த்து அம்மா பதில் இல்லாமல் நின்ற சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு.

சென்னை டீக்கடைகளில் 2025 செப்டம்பரில் டீ 15, காபி 20 ஆனது. அதற்காக நான் டீயை விடவில்லை. டீ குடித்துக்கொண்டே விலைவாசியைத் திட்டுவதற்கு ஒரு இடம் வேண்டாமா?

இப்போதைய பிரச்சினை பால்கனி. சிரட்டையை எரித்த கரியிலிருந்து வடிகட்டிக்கு வேண்டிய கரி செய்கிறார்களாம், வெளிநாட்டுக்கெல்லாம் போகிறதாம், பழைய பேப்பர்க்காரர் சிரட்டையையும் கிலோ கணக்கில் எடுக்கிறார் என்று யாரோ அம்மாவுக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சிரட்டை எதுவும் குப்பைக்குப் போவதில்லை. எதிர் வீட்டுச் சிரட்டையும் வந்து சேர்கிறது. துணி காயப்போடுகிற இடத்தில் சாக்குகள். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, "அத்தை, பேப்பர்க்காரர் கீழேதான் நிக்கிறார், போட்டுரலாமா?" என்றாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். அவர் சொன்ன விலையைக் கேட்டாள். தலையை ஆட்டினாள்.

"இப்பம் வேண்டாம் மக்களே. குடுத்தா நட்டம். வெல இன்னும் ஏறட்டு."