மருமகன் கேட்ட கேள்வி

வடபழனி பஸ் டிப்போ பக்கத்து டீக்கடை டிவியில் சட்டமன்றம். பின்வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர் எழுந்தார். தலைவரை வாழ்த்தினார், தலைவரின் தலைவரை வாழ்த்தினார், தொகுதி மக்களுக்கு நன்றி சொன்னார். அதற்குள் என் டீயில் ஆடை படிந்துவிட்டது. கடைசியில், “கழிவுநீர்க் குழாய் பதிக்க அரசு ஆவன செய்யுமா?” அமைச்சர், “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்றார். கேட்டதும் ஆளுங்கட்சி, சொன்னதும் ஆளுங்கட்சி. சம்பந்தி வீட்டுக் குசலம்தான்.

சொந்தக் கட்சி அமைச்சரை வேறெப்படிக் கேட்பதாம்? 1957 டிசம்பரில் மக்களவையில் ஃபெரோஸ் காந்தி கேட்டாரே! காங்கிரஸ்காரர்; பிரதமர் நேருவுக்கு மருமகன் வேறு. எல்.ஐ.சி. பணம் கிட்டத்தட்ட ஒன்றேகால் கோடி ரூபாய் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளுக்கு ஏன் போனது என்று பிடித்துக்கொண்டார். (அன்றைக்கு மாமனார் வீட்டில் மாப்பிள்ளை விருந்து எப்படி இருந்திருக்கும்!) நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர், நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, ராஜினாமா செய்தார்.

கேட்டவர் 1960-இல் காலமானார். டி.டி.கே. 1963-இல் மறுபடி நிதியமைச்சர்; ஆழ்வார்பேட்டையில் அவர் பெயரில் ரோடும் உண்டு.