பெயர் வாடகைக்கு விடப்படும்

2024 நாடாளுமன்றத் தேர்தலில் ராமநாதபுரம் தொகுதிக்கு ஓ. பன்னீர்செல்வம் மனுப் போட்டார். அவரை எதிர்த்து ஓ. பன்னீர்செல்வம் மனுப் போட்டார். இருவரையும் எதிர்த்து இன்னொரு ஓ. பன்னீர்செல்வம். இப்படியே போய், மொத்தம் ஆறு பேர். ஒருவர் மூன்று முறை முதலமைச்சராக இருந்தவர். மற்ற ஐவரும் அதே வாரத்தில், அதே தொகுதியில், அதே இனிஷியலோடு நாட்டுக்கு உழைக்கும் ஆசை வந்தவர்கள்.

பன்னீர்செல்வம் என்ற பெயர் தெற்குச் சீமையில் அபூர்வமில்லை. சந்தையில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அப்பா பெயர் ‘ஓ’வில் தொடங்குகிற பன்னீர்செல்வம் வேண்டும். அதுவும் ஒருவர் போதாது, ஐந்து பேர் வேண்டும். வாக்காளர் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, விரலை எச்சில் தொட்டு, வரி வரியாக இறங்கினால்தான் இது கிடைக்கும். செத்துப்போன தாத்தாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுங்கள் என்று மனுக் கொடுத்த வீட்டுக்கு, அடுத்த தேர்தலிலும் தாத்தா பெயருக்கே பூத் சிலிப் வந்து சேர்கிற நாடு இது. இங்கே உயிரோடிருக்கும் ‘ஓ’க்களை இத்தனை துல்லியமாக எடுக்கத் தெரிந்த ஒரு நிர்வாகம் எங்கோ இயங்குகிறது என்றால், அதைக் கண்டுபிடித்து அரசாங்கத்தையே அதனிடம் ஒப்படைத்துவிடலாம்.

ஐந்து பேரில் யாராவது உண்மையிலேயே சேவை ஆசையில் வந்திருக்கலாம். இருந்தால் அவரிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் ஓட்டுக் கேட்டுப் போன தெரு எது என்று மட்டும் சொன்னால் போதும்.

இதே அரசாங்கம் பெயர் விஷயத்தில் சாதாரண ஜனத்திடம் காட்டும் கண்டிப்பைப் பாருங்கள். ஆதாரில் ‘முத்துலட்சுமி’, ரேஷன் கார்டில் ‘முத்துலெட்சுமி’. ஒரு கொம்பு கூடிவிட்டது. முதியோர் உதவித்தொகை நின்றுபோகும். அந்தக் கொம்பைப் போட்டது முத்துலட்சுமி இல்லை, கணினியில் தட்டிய ஆள். ஆனால் வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் காத்துக் கிடப்பது முத்துலட்சுமி. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின்னால் புருஷன் இனிஷியல் என்று போட்டுப் பழகிய பெண்களின் கதி இன்னும் மோசம். பள்ளிச் சான்றிதழில் ஒருத்தி, பான் கார்டில் வேறொருத்தி. “மேற்படி இருவரும் ஒருவரே” என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, தாசில்தார் வரைக்கும் போய்த் தான் தானேதான் என்று நிரூபிக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு எழுத்தில் இருந்தால் குற்றம். ஆறு ஆள் ஒரே எழுத்தில் வந்தால் ஜனநாயகம்.

சட்டம் இதை எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 22ஆவது விதி இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு வேட்பாளர்கள் இருந்தால், அவர்களின் தொழிலையோ ஊரையோ சேர்த்தோ, வேறு விதமாகவோ வித்தியாசம் காட்ட வேண்டும் என்கிறது அது. நல்ல விதி. தொழிலை ஒளிக்காமல் அச்சடித்தால் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்துவிடும். ஒரு பெயருக்குப் பக்கத்தில் ‘முன்னாள் முதலமைச்சர்’, அடுத்ததற்குப் பக்கத்தில் ‘பெயர் கொடுத்து உதவியவர்’. ஆனால் நம் ஊரில் அப்பா பெயரைச் சேர்த்து வித்தியாசம் காட்டுவார்கள். எல்லா அப்பாவும் ‘ஓ’வில் தொடங்குவதால்தானே இந்த மகன்களைத் தேடிப் பிடித்ததே!

இயந்திரத்தில் பெயர் வரும் வரிசை இன்னொரு கூத்து. அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரர்கள் முதலில், பதிவு மட்டும் செய்த கட்சிக்காரர்கள் பிறகு, சுயேச்சைகள் கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. ராமநாதபுரத்தில் அசல் பன்னீர்செல்வமும் சுயேச்சை. ஆகவே சட்டமே எல்லாப் பன்னீர்செல்வங்களையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்தது. பலாப்பழச் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் ஜனம் அவருக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் ஓட்டுப் போட்டது. ஜெயித்தது நவாஸ் கனி, வித்தியாசமும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதனால் இங்கே பெயர் வியாபாரம் முடிவை மாற்றவில்லை.

மாற்றிய இடங்களைச் சொல்கிறேன். 2004இல் கேரளத்து ஆலப்புழையில் வி.எம். சுதீரன் 1,009 ஓட்டில் தோற்றார். அங்கே நின்ற இன்னொரு சுதீரனுக்கு விழுந்தது 8,282. 2014இல் மகாராஷ்டிரத்தின் ராய்கட் தொகுதியில் சுனில் தட்கரே 2,110 ஓட்டில் தோற்றார். மற்றொரு சுனில் தட்கரேவுக்குக் கிடைத்தது ஒன்பதாயிரத்துக்கும் மேல். 2016இல் கேரளத்தின் மஞ்சேஸ்வரம் சட்டமன்றத் தொகுதியில் கே. சுரேந்திரனை வீழ்த்தியது 89 ஓட்டு. காதில் விழும்போது அந்தப் பெயரோடு உரசிக்கொண்டு நிற்கும் ஒரு பெயர்க்காரர் அங்கே 467 வாங்கினார்.

இவற்றுக்கெல்லாம் தாய்வீடு சத்தீஸ்கரின் மகாசமுந்த். 2014இல் அங்கே பா.ஜ.க. நிறுத்தியது சந்துலால் சாகுவை. கூடவே நின்றார்கள் ஏழு சந்துலால் சாகுக்களும் மூன்று சந்துராம் சாகுக்களும். பதினொரு சாகுக்கள்! அசல் சாகு, எதிரே நின்ற முன்னாள் முதல்வர் அஜித் ஜோகியைவிட 1,217 ஓட்டு மட்டும் கூடுதலாக வாங்கிக் கரையேறினார். ஓட்டுப் போடப் போன ஒரு கிழவரை நினைத்துப் பாருங்கள். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். அட்டை மறைப்புக்குள் குனிகிறார். சாகு, சாகு, சாகு, சாகு. வெளியே வரிசையில் நிற்பவன் “சீக்கிரம் பெருசு” என்கிறான். அவர் ஏதோ ஒரு சாகுவை அழுத்திவிட்டு விரல் மையைப் பார்த்துக்கொண்டே வெளியே வருகிறார். அவருடைய ஓட்டுத்தான் இந்த வியாபாரத்தின் சரக்கு. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், கண் மங்கியவள், படிக்கவே தெரியாதவள் என்று பார்த்துப் பார்த்துக் குறிவைக்கிறார்கள். ஏழைகளின் தோழன் என்று போஸ்டர் அடித்துக்கொள்ளும் கட்சிகள்தாம் இதைச் செய்கின்றன. கொள்கையில் கீரியும் பாம்புமாக இருப்பவர்கள் இந்த ஒரு கலையில் ஒரே குருகுலத்து மாணவர்கள். மேலே பட்டியலில் அடிபட்டவர்களில் காங்கிரஸ் உண்டு, பா.ஜ.க. உண்டு, தேசியவாத காங்கிரஸ் உண்டு.

2015இல் தேர்தல் ஆணையம் ஒரு மருந்து கொண்டுவந்தது: இயந்திரத்தில் வேட்பாளரின் போட்டோ. ஸ்டாம்பு அளவு, கறுப்பு வெள்ளை. ஐம்பது வயது மீசைக்காரர்கள் ஆறு பேரை அந்த அளவில் அச்சடித்தால் பெற்ற தாயே தடுமாறுவாள். 2025இல் பீகார் தேர்தல் முதல் கலர் போட்டோ என்றார்கள். நல்லது. ஆனால் போட்டோ வந்து ஒன்பது வருடம் கழித்து, 2024இல் நாசிக் பக்கத்துத் திண்டோரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தேசியவாத காங்கிரசின் சரத் பவார் அணி நிறுத்திய பகரே ஒரு வாத்தியார். எதிரே இன்னொரு பகரே சுயேச்சையாக வந்தார். அணியின் சின்னம் கொம்பு ஊதும் மனிதர். சுயேச்சைக்குக் கிடைத்ததும் ஊதுகிற சாமான்தான். அந்த இரண்டாவது பகரேவுக்கு விழுந்த ஓட்டு ஒரு லட்சத்துக்கும் மேல். வாத்தியார் அதையும் தாண்டி ஜெயித்தார். அது வாத்தியாரின் கெட்டிக்காரத்தனம், ஆணையத்தின் கெட்டிக்காரத்தனமில்லை.

2024 மே மாதம் இந்த விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவரைத் தேர்தலில் நிற்காதே என்று தடுக்க முடியுமா என்று நீதிபதிகள் கேட்டார்கள். மனு திரும்பப் பெறப்பட்டது. கேள்வி நியாயமானது. பெயருக்கு யாரும் பட்டயம் எழுதி வாங்க முடியாது. ஆனால் பெயர் வைத்தது பெற்றோர்; டெபாசிட் கட்டியதும் பெற்றோரா?

நாடாளுமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 25,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் பணம் போச்சு. அந்தத் தேர்தல் நேரத்தில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் கூலி 319 ரூபாய். 79 நாள் வெயிலில் மண்வெட்டி பிடித்தால் ஒரு டெபாசிட் தேறும். அதைக் கொண்டுபோய், திரும்பி வராது என்று தெரிந்தே கலெக்டர் ஆபீசில் கட்டிவிட்டு, சுயேச்சை என்பதால் முன்மொழியப் பத்து வாக்காளர்களையும் திரட்டிவிட்டு, பிரசாரத்துக்கு ஒருநாள்கூடப் போகாமல் வீட்டில் படுத்துக்கொள்ளும் கூலிக்காரரை எந்த ஊரில் பார்த்தீர்கள்?

படிவம் 26 என்றொரு பிரமாண வாக்குமூலம் இருக்கிறது. எந்த வேட்பாளரும் தப்ப முடியாது. மனைவி கழுத்தில் எத்தனை கிராம் என்று கேட்கும். ஐந்து வருட வருமானம், பான் எண், படித்தது எங்கே, என்ன தொழில், வருமானத்துக்கு என்ன வழி, வழக்கு உண்டா, சமூக ஊடகக் கணக்கு உண்டா, எல்லாம் கேட்கும். “ஐயா, இந்த 25,000 யார் கொடுத்தது?” என்று மட்டும் கேட்காது. அந்த ஒரு கட்டத்தை வரைய எந்தக் கட்சிக்கும் கை வராது.

சட்டத்தில் வழியில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவு, ஒருவரைத் தேர்தலில் நிற்கவைக்கப் பணம் கொடுப்பதையும் லஞ்சம் என்றே சொல்கிறது. அதை வைத்துத் தேர்தல் வழக்குப் போட 45 நாள்தான் அவகாசம். வழக்கும் ஜெயித்தவருடைய வெற்றியின்மேல்தான். ஆள் நிறுத்தியவர் தோற்றுப்போயிருந்தால் இந்த வழக்கில் அவரைக் கேட்க நாதியில்லை.

பெயர் கொடுத்தவரைக் கேட்க மட்டும் ஆள் இருக்கிறது. முடிவு வந்த 30 நாளுக்குள் அவர் செலவுக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் நோட்டீஸ் வரும், பிறகு அதே சட்டத்தின் 10ஏ பிரிவின்படி மூன்று வருடம் தேர்தலில் நிற்கத் தகுதி இழப்பு. நோட்டீசைப் படித்துச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருக்கும். மனுப் போட அன்றைக்குக் காரில் கூட்டிப்போன அண்ணனுக்குப் போன் போட்டால் எடுக்கமாட்டார். கட்சி ஆபீசில் வேலையாக இருப்பார். உள்ளாட்சித் தேர்தல் வருகிறதாம்.