தாடிக்கு முன், தாடிக்குப் பின்

போன ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது காபிக்கும் குளியலுக்கும் நடுவில், அக்கா மகனிடமிருந்து வாட்ஸாப் வந்தது. "மாமா, ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன்ல பெஸ்ட் பத்து எபிசோட் மட்டும் அனுப்புங்க. லாங் வீக்கெண்ட் வருது, முடிச்சிடறேன்."

முடித்துவிடுவானாம். வீட்டு வரி பாக்கியா, கட்டி முடிப்பதற்கு?

இருந்தாலும் கேட்டவுடன் எனக்குக் கை பரபரத்தது. உங்களுக்கும் பரபரத்திருக்கும், மறைக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை உறை ஒன்றின் பின்பக்கத்தில் 1 முதல் 10 வரை எண் போட்டு, நேராகக் கோடும் கிழித்தேன். பட்டியல் இந்தக் கட்டுரையின் கடைசியில் வருகிறது. அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறட்டும்.

பேனாவைத் திறப்பதற்குள் அவனே போன் செய்துவிட்டான். "ஒண்ணு ஏற்கெனவே பாத்துட்டேன் மாமா. 'தி இன்னர் லைட்'. எல்லாரும் அதைத்தான் ஃபர்ஸ்ட்னு சொல்றாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் ஸ்லோ. ஒன்றரை ஸ்பீடுல வச்சுப் பாத்தேன், ஓகே."

நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அக்கா காதுக்குப் போகும்.

அந்தக் கதையில் கேப்டன் பிக்கார்ட் தன் விண்கப்பலில் மயங்கி விழுகிறார். கண் விழித்தால் வேறு கிரகம், வேறு பெயர், பக்கத்தில் ஒரு மனைவி. முதலில் முரண்டு பிடிக்கிறார். அப்புறம் ஊரோடு ஒட்டி, பிள்ளை பெற்று, புல்லாங்குழல் பழகி, மனைவியைப் பறிகொடுத்து, பேரனைக் கொஞ்சி, நாற்பது வருஷத்தை வாழ்ந்து முடிக்கிறார். கப்பலில் எழுந்து கேட்டால், மயங்கிக் கிடந்தது 25 நிமிடம்தான் என்கிறார்கள். அந்தக் கிரகமே அழிந்து ஆயிரம் வருஷமாகிவிட்டது. கையில் மிஞ்சுவது அந்தப் புல்லாங்குழல். நாற்பது வருஷத்தை 25 நிமிடத்துக்குள் அவர்கள் அடக்கியதே பெரிய காரியம். இவன் அதையும் ஒன்றரை வேகத்தில் ஓட்டி 16 நிமிடம் 40 விநாடியாகச் சுருக்கிவிட்டு, ஸ்லோ என்கிறான். இவன் கல்யாணத்தில் ஐயரை ஒன்றரை வேகத்தில் மந்திரம் சொல்லச் சொல்கிறேன், அப்போது தெரியும்.

1993-ல் ஹ்யூகோ விருது வாங்கிய எபிசோட் அது. கொடுத்தவர்களுக்கு அவசரம் இல்லை போலிருக்கிறது.

ஆத்திரத்துக்குக் காரணம் வேகம் மட்டும் இல்லை. முதல் எபிசோடிலேயே பிக்கார்ட், தனக்குக் குழந்தைகளோடு பழகத் தெரியாது என்று தன் துணை அதிகாரி ரைக்கரிடம் கூச்சத்தோடு ஒப்புக்கொள்வார். சொல்லப்போனால் அது சுமாரான எபிசோட், எந்தப் பத்திலும் வராது. ஆனால் அந்தக் கூச்சத்தை ஐந்து சீசனாகப் பார்த்து வந்தவனுக்குத்தான் அந்த மனுஷன் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போது தொண்டை அடைக்கும். நேராக அங்கே போய் இறங்கியவனுக்குத் தெரிவது, வழுக்கைத் தலையோடு ஒருவர் குழல் ஊதுவது. அசலே போடாமல் வட்டி கேட்கிறான் பையன்.

சரி, பட்டியல்.

முதல் சிக்கல் கணக்கில் வந்தது. மொத்தம் 178 எபிசோட். முதலாவதும் கடைசியும் இரண்டு மணி நேரச் சிறப்பு ஒளிபரப்பாக வந்து, பிற்பாடு இரண்டிரண்டாக வெட்டப்பட்டதால் 178. வெட்டாமல் எண்ணினால் 176. மொத்தத்திலேயே உடன்பாடு இல்லாத இடத்தில் பத்தை எப்படிப் பொறுக்குவது? அடுத்தது 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்'. பிக்கார்டை 'போர்க்' என்கிற வேற்றுக்கிரகக் கூட்டம் பிடித்துப் பாதி இயந்திரமாக்கிவிடுகிறது, அவர் இருக்கும் கப்பலைச் சுடச் சொல்லி ரைக்கர் உத்தரவு போடுகிறார், தொடரும். 1990 ஜூனில் தொடரும் போட்டவர்கள் செப்டம்பரில்தான் தொடர்ந்தார்கள். முதல் பாகத்தை எழுதிய மைக்கேல் பில்லருக்கே அடுத்து என்ன என்று அப்போது தெரியாதாம். இது ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் என் உறையில் இரண்டு கோடு போய்விடும். ஒன்று என்றால் மோசடி. நம்மூரில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார் என்று வந்து "ஒரு ஃபேமிலி" என்று ஒரே மொய்க் கவர் வைப்பார்களே, அந்த மாதிரி. நான் அதை ஒன்று என்றே எழுதினேன். நானும் கல்யாணங்களுக்கு அப்படித்தான் போகிறேன்.

எழுதிவிட்டுப் பார்த்தால், அதற்கு அடுத்த 'ஃபேமிலி' இல்லாமல் அதற்கு அர்த்தமே இல்லை என்று தோன்றியது. பிக்கார்ட் பிரான்சில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய், திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் அண்ணனோடு கட்டிப் புரண்டு, அழுகிறார். சண்டைக் கப்பல் கிடையாது, வேற்றுக்கிரகத்து எதிரி கிடையாது. மொத்தத் தொடரிலும் டேட்டா என்கிற இயந்திரன் தலைகாட்டாத ஒரே எபிசோட் அதுதான். இதைச் சொன்னபோது மருமகப்பிள்ளை, "டேட்டா இல்லாம எப்படிப் பாக்கிறது மாமா? வைஃபை போடுங்க" என்றான். இதற்கு ஒரு சிரிப்பு வேறு.

பத்தெல்லாம் வேண்டாம், எங்கே தொடங்குவது என்று மட்டும் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன். அங்கேதான் தாடி வந்தது.

முதல் சீசனில் ரைக்கருக்குத் தாடி இல்லை. இரண்டாவது சீசனில் தாடியோடு வந்து நிற்கிறார். தாடி வந்த பிறகுதான் தொடர் உருப்பட்டது என்பது ரசிகர்களின் சித்தாந்தம். ஆங்கிலத்தில் எந்தத் தொடர் தேறினாலும் அதற்குத் தாடி முளைத்துவிட்டது என்று சொல்கிற அளவுக்கு அது மரபாகிவிட்டது. நானும் இருபது வருஷமாக வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் "தாடி வர்ற வரைக்கும் பொறுத்துக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமைதான் உட்கார்ந்து யோசித்தேன். தாடி வந்தது 1988 நவம்பரில். தொடர் தேறியது மூன்றாவது சீசனில், மைக்கேல் பில்லர் எழுத்தாளர் அறைக்குள் நுழைந்த பிறகு. நடுவில் ஒரு வருஷம் தாடி சும்மா இருந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் சும்மா இருந்தவரை எங்கள் அலுவலகத்தில் யாரும் சீர்திருத்தவாதி என்று சொன்னதில்லை.

அதற்காகச் சித்தாந்தத்தை ஒரேயடியாகக் கைவிட முடியுமா? சோதித்துப் பார்த்தேன். ஆறாவது சீசனில் 'செகண்ட் சான்சஸ்' என்று ஒன்று. இடம்பெயர்க்கும் கருவியில் கோளாறாகி, பல வருஷம் முன்பே ரைக்கர் இரண்டாகப் பிரிந்துபோனது தெரிய வருகிறது. இரண்டு ரைக்கர், இரண்டு தாடி. சித்தாந்தப்படி இரட்டிப்பு நன்றாக இருக்க வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறது, இரட்டிப்பு என்று சொல்ல மாட்டேன், ஒன்றேகால். அடுத்த சாட்சி 1998-ல் வந்த 'இன்சரக்‌ஷன்' திரைப்படம். அதில் நடுவழியில் ரைக்கருக்குத் தாடியை மழித்துவிடுகிறார்கள். படம் சுமார். இயக்கியவர் யார்? ரைக்கராக நடித்த ஜோனதன் ஃப்ரேக்ஸேதான். தன் தாடியைத் தானே எடுத்து, தன் படத்தைத் தானே சுமாராக்கிக்கொண்ட இயக்குநர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

இதற்குள் என் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, குளிக்கலையா? ஷேவாவது பண்ணுங்க" என்றாள். பண்ணவில்லை. ஆராய்ச்சி நடக்கும்போது ஆதாரத்தை அழிக்கக் கூடாது.

தாடிச் சித்தாந்தத்துக்கு எமனாக வந்து நிற்பது இரண்டாவது சீசனின் கடைசி எபிசோட், 'ஷேட்ஸ் ஆஃப் கிரே'. 1989 ஜூலை. மொத்தத் தொடரிலும் ஆக மோசம் எது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் கைகாட்டுவார்கள். கையில் காசில்லை, முந்தின வருஷத்து எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில் சீசனே 22 எபிசோடாகச் சுருங்கிவிட்டது. அதனால் பழைய எபிசோடுகளிலிருந்து காட்சிகளை வெட்டி ஒட்டி ஒப்பேற்றினார்கள். கதை இதுதான்: ஏதோ ஒரு கிரகத்தில் ஒரு செடி ரைக்கரின் காலில் குத்திவிடுகிறது. நாற்காலியில் உட்கார வேண்டுமென்றால் பின்னாலிருந்து, குதிரை ஏறுவதுபோல, முதுகுச் சட்டத்தின் மேலாக வீசுவாரே, அந்தக் காலில். விஷக்கிருமி மூளைக்கு ஏறுகிறது. அவரைக் கட்டிலில் கிடத்தி, நெற்றியில் ஊசிகளைக் குத்தி, பழைய நினைவுகளைக் கிளறுகிறார்கள். கட்டிலில் தாடி ரைக்கர், நினைவில் மழித்த ரைக்கர், மறுபடி கட்டிலில் தாடி. நாற்பத்தைந்து நிமிடமும் கூந்தல் தைல விளம்பரம்போல முன், பின், முன், பின்.

இதில் வைத்தியம்தான் விசேஷம். இனிமையான நினைவு வந்தால் கிருமி வளர்கிறது. வேதனையான நினைவு வந்தால் கிருமி சாகிறது. ஆகவே டாக்டரம்மா நல்ல காட்சிகளை நிறுத்திவிட்டு, ரைக்கர் வாழ்க்கையின் மோசமான காட்சிகளாகத் தேடிப்பிடித்து ஓட்டி ஆளைக் காப்பாற்றுகிறார்.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தொடரிலிருந்து சிறந்த துண்டுகளைப் பொறுக்கி ஒன்றாகக் கோத்துப் பார்க்கிற வேலையை இவன் இப்போது கேட்கிறான். தயாரித்தவர்களே அதை 1989-ல் செய்து பார்த்துவிட்டார்கள். விளைந்தது 178-லேயே மட்டமான எபிசோட். போதாக்குறைக்கு, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினால் நோயாளி செத்துப்போவான் என்று கதைக்குள்ளேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

மாலையில் பழைய அலுவலக நண்பர் ஒருவருக்குப் போன் போட்டேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தது தப்பு. "'தி மெஷர் ஆஃப் எ மேன்' முதலிடத்தில் இல்லையென்றால் அது பட்டியலே இல்லை" என்று ஆரம்பித்தார். டேட்டா மனுஷனா, அரசாங்க உடைமையா என்று நடக்கும் வழக்கு. எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் முன்பு வழக்கறிஞராக இருந்தவர். அருமையான எபிசோட், மறுக்கவில்லை. ஆனால் அது தொடர் தேறாத அதே இரண்டாவது சீசன். அதில் டேட்டாவுக்கு எதிராக வாதாடி, நண்பன் என்றும் பாராமல் சுவிட்சை அணைப்பது யார் தெரியுமா? தாடிதான். இதைச் சுட்டிக்காட்டியதும் நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு மயிரைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதா?" என்று கேட்டு வைத்துவிட்டார். அவர் சொன்னது நேர்ப்பொருளில்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் கேட்டால் அது இன்னொரு கூத்து. அவளுக்குப் பிடித்தது 'சப் ரோசா' ஒன்றுதான். டாக்டர் க்ரஷரின் பாட்டி வீட்டு மெழுகுவர்த்திக்குள் ஒரு பேய் குடியிருந்துகொண்டு, பாட்டி போன பிறகு பேத்தியைக் காதலிக்கிறது. எல்லா ரசிகர்களும் தலையில் அடித்துக்கொள்கிற எபிசோட். "அதுல மட்டும்தான் என்ன நடக்குதுன்னு எனக்குப் புரிஞ்சுது" என்றாள். எனக்கும் அது பிடிக்கும் என்பதை இந்தப் பத்திரிகைக்கு வெளியே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் நம்பி எழுதினேன்: 'டார்மாக்'. அதில் வருகிற வேற்றுக்கிரகத்தார் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். தங்கள் பழங்கதைகளில் வரும் ஆளையும் இடத்தையும் மட்டும் சொல்வார்கள். கதை தெரிந்தவனுக்குத்தான் பேச்சு புரியும். மொழிபெயர்க்கும் கருவி கைவிரித்துவிடுகிறது, பிக்கார்டுக்குப் புரிய பாதி எபிசோட் ஆகிறது. சந்தோஷம், துக்கம், சம்பள பாக்கி எல்லாவற்றுக்கும் வடிவேலு காட்சி ஒன்றைத் தூக்கிப் போட்டே பேசி முடிக்கிற நமக்கு அரை நிமிடம் போதும். இதற்கு மட்டும் அவனுக்குச் சிபாரிசு தேவைப்படாது.

ஆனால் 'டார்மாக்' ஐந்தாவது சீசனின் இரண்டாவது எபிசோட். அதற்கு முன்னால் நான்கு சீசன் கிடக்கிறது. உறையைப் பார்த்தேன். ஆறு பெயர் எழுதி, ஐந்தை அடித்திருந்தேன். பின்பக்கத்தில் கல்யாண மண்டபத்தின் முகவரி வேறு தெரியாமல் போய்விட்டது.

கடைசியில் ராத்திரி பத்து மணிக்கு அனுப்பினேன்: "முதல் எபிசோடிலிருந்து ஆரம்பி. தாடி இருக்காது. சாதாரண வேகத்தில் பார்."

இரண்டு நீலக் குறியும் உடனே விழுந்துவிட்டன. இன்று வியாழக்கிழமை. பதில் இல்லை.