சொல்லிவிட்டு விழுந்த கல்

கேள்வி: பூமியை நோக்கி வரும் விண்கல்லை, அது தலையில் விழுமுன் கண்டுபிடித்துவிட முடியுமா?

பதில்: அது இரவுப் பக்கமாக வந்தால் முடியும். அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கேட்டலினா வான் தேடல் திட்டத்தினர், வானின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளிகளில் நான்கு முறை படமெடுத்து ஒப்பிடுகின்றனர். விண்மீன்கள் அசையாதிருக்க, சிறுகோள், அதாவது சூரியனைச் சுற்றிவரும் பாறைத் துண்டு, படத்துக்குப் படம் நகர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வால்மீனாயின் புள்ளியைச் சுற்றி மங்கலான ஒளிப்படலமும் தெரியக்கூடும். கணினி சுட்டும் புள்ளிகளில் பல போலியாதலால், இறுதித் தீர்ப்பு கண்விழித்திருக்கும் மனிதருடையதே. இவ்வாறு 2008 அக்டோபர் 6 அன்று அத்திட்டத்தின் லெம்மன் மலைத் தொலைநோக்கியில் சிக்கிய, ஏறத்தாழ 4 மீட்டர் அகலமுள்ள 2008 டிசி3 என்ற சிறுகோள், மறுநாளே விழும் எனக் கணிக்கப்பட்டு, பேருந்துகள் வெட்கப்படும்படி, சொன்ன நேரத்தில் சூடான் பாலைவனத்தின் மேல் வெடித்துச் சிதறியது. மாறாக, 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த சுமார் 20 மீட்டர் கல், சூரியனின் திசையிலிருந்து வந்ததால் எவர் கண்ணிலும் முன்கூட்டிப் படவில்லை. பளிச்சிட்ட ஒளியை வேடிக்கை பார்க்கச் சன்னலோரம் போனவர்களில் பலரை, பிந்தி வந்த அதிர்வலை உடைத்த கண்ணாடி பதம்பார்த்தது. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் நிலவொளி மங்கலான புள்ளிகளை விழுங்கிவிடுவதால், கவிஞர்கள் மும்முரமாக இருக்கும் அந்நாள்களில்தான் கேட்டலினா திட்டத்தினருக்கு ஓய்வு.