எங்கள் வீட்டிலும் இருந்தது

அருங்காட்சியகத்துக்கு வருகிற ஜனங்களில் ஒரு ரகம் உண்டு; கண்ணாடிப் பேழைக்குள் எதைக் கண்டாலும், "இது எங்க ஊட்டு அட்டாலியில கெடந்துச்சு" என்று சாட்சியம் சொல்லாமல் அடுத்த பேழைக்கு அவர்களால் நகர இயலாது. எங்கள் அமராவதி நகரில் அந்த ரகத்துக்குப் பிரதிநிதி என் தாய்மாமன். திருப்பூரில் முப்பது வருஷம் பனியன் கம்பெனி நடத்திவிட்டு, இப்போது அணைக்கட்டுக் காற்றில் சாய்வு நாற்காலியோடு காலட்சேபம் செய்பவர்.

அவரோடு வேன் பிடித்துக் கீழடிக்குப் போனோம். 2023 மார்ச்சில் திறக்கப்பெற்று, செட்டிநாட்டு வீட்டின் பாணியில் எழும்பியிருக்கும் அங்குள்ள அருங்காட்சியகத்தில், மாமா முதலில் பரிசோதித்தது தூணைத்தான். தேக்கா என்று தட்டிப் பார்த்தார். கொந்தகைத் தாழியைக் கண்டதும், "எங்க அப்பாரு இதுலதான் மாப்ளே கம்பு கொட்டி வெச்சிருந்தாரு" என்று பூரித்தார். அதில் வைத்தது கம்பு அல்ல, காலமானவர்களை என்று நான் காதோடு சொன்னதும், சரியாக ஒரு பேழை தூரம் மௌனமாக நடந்தார்.

சுடுமண் தக்களியின் முன்னேதான் ஆசாமி அசையாமல் நின்றுவிட்டார். நம் நொய்யல் கரைக் கொடுமணலிலும் இது கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னது அவர் செவியில் ஏறவில்லை.

"ஏனுங் தம்பி, இதுல எத்தனாம் நம்பர் நூல் வந்திருக்கும்?"

கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று ஒப்பிக்கத் தயாராக நின்ற வழிகாட்டி இளைஞர் திகைத்து, "நூல் கிடைக்கலீங்க ஐயா, தக்களிதான் கிடைச்சுது" என்றார்.

"அப்பச் சரக்குத் தேங்கலை" என்றார் மாமா, பரம திருப்தியுடன். "பாக்கி வசூலாச்சா?"

'ஆதன்' என்று தமிழி எழுத்தில் கீறிய பானையோட்டுக்கு வந்தபோது அவர் கூறிய அபிப்பிராயத்தை மட்டும் என்னால் பரிகசிக்க முடியவில்லை: "பேரு வெட்டியிருக்குது பாரு. நாலு பேரு பொழங்கற ஊட்டுல பாத்திரம் மாறிப் போயிருக்கும்." பண்டிதர்களும் அதை ஆட்பெயர் என்றே கொள்கிறார்கள், ஆனால் பாத்திரம் மாறிப்போகும் கவலை அவர்கள் எழுத்தில் நான் காணாதது.

திரும்புகையில், அம்மிச்சி பெயர் வெட்டிய பித்தளைக் குண்டா எங்கே என்று மாமாவிடம் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டதாம்.